பழைய கிரீஸ் வெளியே வந்ததா?

எங்களிடம் நான்கு லாரிகள். தை, மாசியில் சம்பா நெல், கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு. கோடையில் வேதாரண்யம் உப்பு. எந்த வண்டிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அப்பா இருந்தவரை அவர் தலைக்குள் இருந்தது. அவருக்கு அப்புறம் நான் வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, ஒரு டிக். இரண்டு வருடம் அந்த டிக்குகளைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன வைகாசியில் உப்பு ஏற்றி வந்த வண்டி திருத்துறைப்பூண்டி தாண்டியதும் படுத்துவிட்டது. பின்பக்க ஸ்பிரிங் அடுக்கின் மெயின் பட்டை இரண்டு துண்டு. இன்னொரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி மூட்டை மூட்டையாக மாற்றினோம். அந்த வெயிலில் ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். கேட்ட கூலியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், பன்னிரண்டு நாள் முன்புதான் ‘கிரீஸ் அடிச்சாச்சு’. பக்கத்தில் என் டிக்.

பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் சாக்கிள் பின்னைத் தட்டிக் கழற்றவே மெக்கானிக் அண்ணனுக்கு அரை நாள் ஆனது. அவ்வளவு துரு. பின் இறுகிவிட்டால் அது நுழைந்திருக்கும் பட்டையின் கண் அசையாது. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பட்டைதான் முறுக்கு வாங்கும்.

“பாப்பா, கிரீஸ் கன் வச்சு அமுக்கியிருக்காங்க, பொய் சொல்லல. நிப்பிள் அடைச்சுக் கெடக்கு. கிரீஸ் உள்ள போகாம அங்கேயே வழிஞ்சிருக்கு. தொடைச்சுட்டுப் போயிட்டாங்க” என்றார். நிப்பிள் என்பது பின்னுக்குள் கிரீஸ் போகும் சின்ன வாய்.

அடைப்பு உப்பால் மட்டும் இல்லை. மூன்று மாதம் முன்பு அந்த வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று எடுத்தோம். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம். இது கிழவண்டி, வருடக் கணக்கு. எஃப்.சி.க்காகச் சேசிஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தபோது நிப்பிள் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கிரீஸ் உள்ளே போனால் பழைய கிரீஸ் கறுப்பாகப் பின்னின் ஓரத்தில் பிதுங்கும். அதன் பின்னால் புதுசு தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். நிப்பிளைச் சுற்றி மட்டும் வழிந்தால் அது வெறும் பூச்சு. இத்தனை வருடம் லாரி வீட்டில் வளர்ந்தும் இது எனக்குத் தெரியாது.

நோட்டை மாற்றினேன். ‘கிரீஸ் அடிச்சாச்சா’ என்ற கட்டம் போய், ‘பழைய கிரீஸ் வெளியே வந்ததா, எந்தப் பின்னில் வரவில்லை’ என்று வந்தது. கிலோமீட்டர் கணக்கையும் கிரீஸுக்கு விட்டுவிட்டேன். ஐந்து உப்பு நடைக்கு ஒரு கிரீஸ். இறக்கியதும் அன்றைக்கே அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவல். நெல் சீசனில் வேறு கதை. கிடங்கு வாசலில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்குக் கிலோமீட்டரே ஓடாது, ஆனால் தூசியும் சுணையும் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். மாற்றி ஊதினால் தூசி இன்னும் உள்ளே பதியும். பிரேக்குக்கான ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவது, ஜோடிச் சக்கரத்தில் உள் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிச் சத்தம் கேட்பது எல்லாம் பெரிய டிரைவர் அண்ணன் நான் சொல்லாமலே செய்கிறார். அவருக்கு நோட்டு பிடிக்காது.

புதுக் கட்டம் போட்ட மூன்றாவது வாரம், கிளீனர் பையன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். டிக் இல்லை. ‘எடது பின்னாடி நிப்பில் போவல’ என்று பென்சிலில் எழுதியிருந்தான். எழுத்துப்பிழையைத் திருத்தாமல், கடைக்குப் போய் நிப்பிள் வாங்கிவரக் காசு கொடுத்தேன்.