மழைமானிக்குக் காசு தேடியது

பாடசாலை விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு யார் காசு தருவார்கள் என்பது அவ்வளவு கஷ்டமான கேள்வி இல்லை. யார் கையில் தருவார்கள் என்பதில்தான் எல்லாம் சிக்கும்.

எங்களுடையது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 10 பிள்ளைகளுக்கு அபாய மணியோடு ஒரு மழைமானி செய்ய ஆசை. 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மண்சரிவுக்கான முதல் கட்ட எச்சரிக்கை, 100இல் அடுத்தது, 150இல் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஆனால் டவுனில் பெய்யும் மழை வேறு, எங்கள் மேல் டிவிஷனில் கொட்டுவது வேறு.

முதலில் தூதரகங்களைப் பார்த்தேன். ஜப்பானின் அடிமட்ட உதவித் திட்டம் கட்டடம், பெரிய உபகரணம் என்று கேட்பவர்களுக்குப் பொருந்தும். அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டமும் இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாகூட வராத வேலைக்கு அந்த வாசல்கள் ரொம்பப் பெரிசு. ‘ஐ ட்ரிபிள் ஈ’ என்ற பொறியியலாளர் அமைப்பு பாடசாலைச் செயற்றிட்டங்களுக்கென்றே சிறு மானியம் கொடுக்கிறது. ஆனால் அதன் உறுப்பினர் ஒருவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பேராதனையில் பொறியியல் படித்த பழைய மாணவர் யாராவது இருந்தால் இப்போதே தேடிப் பிடித்து வையுங்கள்.

அப்புறம் கணக்கு விவகாரம். அரச பாடசாலைக்கு வரும் காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு வழியாக வருவதுதான் முறை. ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு வாங்கினால் பிறகு பதில் சொல்லி மாளாது. ஒரு அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் கேட்டேன். “கொடுப்பவரின் கடிதம் எங்கே?” என்றார்கள். கொடுப்பவரிடம் போனால், “முதலில் அனுமதிக் கடிதத்தைக் கொண்டு வாங்க சேர்.” இப்படியே ஒரு தவணை ஓடிவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது பக்கத்து டவுன் றோட்டரிக் கழகம். காசே வேண்டாம், பொருளாக வாங்கித் தாருங்கள் என்று கேட்டோம். மூன்று கடைகளின் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தோம். பில்லை அவர்களே கட்டினார்கள். பொருள் வந்ததும் அதிபர் இருப்புப் புத்தகத்தில் பதிந்து ஒப்பமிட்டார். அனுமதி விஷயமும் அதோடு லேசாகிவிட்டது.

அவர்களை அசைத்தது என் கடிதம் இல்லை. பிள்ளைகள் எழுதிய ஒரு பக்கக் கணக்குத்தான். புனலின் வாய் 100 சதுர சென்ரிமீற்றர். அதில் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விழுந்தால் 1 மில்லிமீற்றர் மழை. உள்ளே சீசோ பலகை மாதிரி ஆடும் இரட்டைக் கிண்ணம், ஒரு பக்கத்தில் 5 மில்லிலீற்றர் நிறைந்ததும் கவிழும். கவிழும்போது அதில் ஒட்டிய காந்தம் சுவிட்சைக் கடக்க, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று எண்ணும். ஒரு நாளைக்குள் 150 தடவை கவிழ்ந்தால் 75 மில்லிமீற்றர், மணி அடிக்கும். ஊசி மருந்து சிரிஞ்சியால் தண்ணீர் விட்டு இதை ஒரு பிள்ளை செய்து காட்டியபோது கழகத் தலைவர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார்.

‘விஞ்ஞானக் கல்வியை மேம்படுத்தல்’ என்று எழுதிய விண்ணப்பத்தை யாரும் இரண்டாம் தரம் படிக்க மாட்டார்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை ரூபா, எந்தக் கடை, இவ்வளவும் இருந்தால் போதும்.

பொருள் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. படமும் பில் பிரதியும் சேர்த்து ஒரு சின்ன அறிக்கை கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை கேட்க முகம் இருக்கும். இப்போது பிள்ளைகள் இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவின் ‘சஹசக் நிமவும்’ என்ற கண்டுபிடிப்புப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்புகிறார்கள். இன்னொன்று: பட்டறிக்கும் வயருக்கும் பட்ஜெட்டில் தனியாக ஒரு தொகை போடுங்கள். மழைக்காலத்தில் முதலில் போவது அவைதான், அதற்கென்று பிறகு யாரும் காசு தர மாட்டார்கள்.