ரத்தக்குழாய் விறைப்புப் பரிசோதனை: டேப்பிலும் தொடை நாடியிலும் நடக்கும் தவறுகள்

"ஆஞ்சியோதான் எடுத்தாயிற்றே, இது எதற்கு?" ஸ்டென்ட் வைத்தவர்கள் வழக்கமாகக் கேட்பது இதைத்தான். ஆஞ்சியோ இதயக்குழாயின் அடைப்பைக் காட்டும். இங்கே அளப்பது பெருந்தமனியின் விறைப்பு. கழுத்திலும் தொடையிடுக்கிலும் சென்சார் வைத்து நாடி அலையைப் பதிவோம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை டேப்பில் அளந்து, அலை கடந்த நேரத்தால் வகுத்தால் அலை வேகம் கிடைக்கும். விறைத்த குழாயில் நாடி அலை வேகமாக ஓடும். கீழே மோதித் திரும்பும் அலை, இதயம் தளர்ந்த பிறகு வந்து சேராமல், சுருங்கும்போதே வந்து முட்டும். இதயத்துக்குச் சுமை கூடும், தளரும் நேரத்தில் இதயத்தசைக்குப் போகும் ரத்தமும் குறையும். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், அலை வேகம் விநாடிக்கு 1 மீட்டர் கூடினால் இதய, ரத்தநாளப் பாதிப்புகளின் அபாயம் சுமார் 14 சதவீதம் கூடியது.

அந்த 1 மீட்டரை இஞ்ச் டேப்பிலேயே தொலைத்துவிடலாம்.

பரிசோதனைக்கு முந்தைய 3 மணி நேரம் காபி, டீ, சிகரெட், சாப்பாடு கூடாது. மாத்திரையை நாங்களாக நிறுத்தச் சொல்வதில்லை. எதை, எப்போது போட்டார் என்று குறித்துக்கொள்வோம். 10 நிமிடம் மல்லாந்து, பேசாமல் படுக்க வேண்டும். பிறகு பிபி. பிபி ஏறினாலே அலை வேகமும் ஏறும். அதனால் பிபி எழுதாத ரிப்போர்ட்டை நாங்கள் மதிப்பதில்லை.

கழுத்தில் சென்சார் வைக்குமுன் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் கேட்டால் குழாய் சுருங்கியிருக்கலாம், அந்தப் பக்கம் அழுத்தாதீர்கள். வயதானவர்களுக்குக் கழுத்தில் பலமாக அழுத்தினால் நாடி சட்டென்று இறங்கிவிடும். தொடையிடுக்கில் சிரமம் வேறு மாதிரி: தொப்பை மடிப்பைத் தூக்கிப் பிடிக்க உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் அலை துண்டு துண்டாகத்தான் வரும். அலையின் அடிப்புள்ளி, அதாவது அலை மேலே எழத் தொடங்கும் இடம், கூர்மையாகத் தெரியும்வரை பதிவை ஏற்காதீர்கள். நேரம் கணக்கிடுவதே அந்தப் புள்ளியிலிருந்துதான்.

இனி தூரம். கழுத்துப் புள்ளியிலிருந்து தொடைப் புள்ளிக்கு நேர்த்தூரம் 60 செ.மீ., அலை கடந்த நேரம் 60 மில்லி விநாடி என்று வையுங்கள். அப்படியே வகுத்தால் விநாடிக்கு 10 மீட்டர். 2012 முதல் பரிந்துரைக்கப்படும் முறைப்படி தூரத்தில் 80 சதவீதம், அதாவது 48 செ.மீ. எடுத்தால் 8 மீட்டர். இன்றைய வரம்பு 10 மீட்டர், அதற்கு மேல் போனால் விறைப்பு அதிகம். ஒரே ஆள் வரம்பைத் தொட்டும் நிற்பார், பத்திரமாகவும் இருப்பார்! பழைய ரிப்போர்ட்டில் வரம்பு 12 என்றிருந்தால் குழம்ப வேண்டாம், அது முழுத் தூரத்துக்கு வைத்த கணக்கு. டேப் தொப்பைமேல் வளைந்து 3 செ.மீ. கூடினாலும் விடையில் 0.4 ஏறிவிடும். நேராக இழுத்துப் பிடிக்க வேண்டும், உடம்போடு ஒட்டிப் போகக் கூடாது.

இதய நோயாளிகளிடம் பெரிய ஏமாற்று, குறைவாக வரும் எண்தான். இடுப்பு, தொடைக் குழாயில் அடைப்பு இருந்தால் அலை தாமதமாகத் தொடைக்கு வரும். வேகம் நல்லபடியாகத் தெரியும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கு அலை சாய்வாக எழும், அடிப்புள்ளி நழுவும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறாகத் துடிப்பது) ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அளக்காமல் அனுப்பிவிடுவது நல்லது.

இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். விநாடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளந்து, நடு எண்ணை எழுதுங்கள். கூடவே பிபி, நாடித்துடிப்பு, தூரம் எடுத்த முறை, எந்தப் பக்கம் என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அளப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.