கடைக்காரனா, நானா?

மூன்றாம் வகுப்பில் கடை போட்டு விளையாடுவது ஆசிரியர்களான நம்மில் யாருக்கும் புதிதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் சகஜமாகிவிட்டன. ஆகவே நடிப்பால் பாடம் ஏறுமா ஏறாதா என்று விவாதிக்க இதை எழுதவில்லை. ஒரு பையன் கேட்ட ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

அவன் அம்மா பாவூர்சத்திரம் சந்தையில் காய் எடுத்துவந்து தெருவில் விற்பவர். அன்று அவன்தான் கடைக்காரன். நான் பேரம் பேசும் ஆச்சி. ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே இறங்குவதை 2011இல் மறைந்த நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் செய்து காட்டினார். வெளியே நின்று ஏவிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். நாமும் உள்ளே போய்விட்டால் அந்தப் பார்வை மாறிவிடும். இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"கீரை என்ன விலைப்பா?"

"கட்டு பதினஞ்சு ஆச்சி. தக்காளி கிலோ முப்பத்தாறு."

மூன்று கட்டும் அரைக் கிலோ தக்காளியும் கேட்டு, அட்டையில் வெட்டிய நூறு ரூபாயை நீட்டினேன். "நாப்பத்தஞ்சும் பதினெட்டும் அறுபத்திமூணு" என்று முணுமுணுத்தான். அப்புறம் மீதியை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே எண்ணினான். ஏழு ரூபாய்ச் சில்லறையை வைத்து "எழுபது", இருபது ரூபாயை வைத்து "தொண்ணூறு", பத்தை வைத்து "நூறு. சரியா ஆச்சி? கறிவேப்பிலை கொசுறு." கழித்தல் என்ற ஒன்றை அவன் செய்யவே இல்லை. கூட்டிக்கொண்டே மேலே ஏறினான்.

கடையைக் கலைத்ததும் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன்: 100 − 63. வந்து போடச் சொன்னேன். சாக்பீஸை வாங்கிக்கொண்டு கேட்டான்:

"டீச்சர், கடைக்காரனா சொல்லட்டுமா, நானா சொல்லட்டுமா?"

"நீயா சொல்லு" என்றேன்.

163 என்று எழுதினான். பூஜ்ஜியத்தில் மூன்று போகாது, அதனால் திருப்பிப் போட்டுக் கழித்து மூன்று. ஆறுக்கும் அப்படியே. முன்னால் நின்ற ஒன்று கீழே இறங்கிவிட்டது. கடையில் நூறு ரூபாய் வாங்கி நூற்று அறுபத்துமூன்று கொடுக்க அவன் கை வந்திருக்காது. பலகையில் அந்த எண் அவனை உறுத்தவே இல்லை.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாடகம் முடிந்தால் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, நடந்ததை யோசிக்க வேண்டும். ஹீத்கோட்டும் அந்த யோசனைக்கு மிகுந்த இடம் கொடுத்தவர். அன்று அவன் கடைக்காரனாகவே சொல்லியிருந்தால் 37 வந்திருக்கும், வகுப்பே கைதட்டியிருக்கும், அந்த 163 என் கண்ணில் படாமலே போயிருக்கும். தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் என்ன சொல்லிக்கொடுப்பது?

ஆனால் அவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. கணக்குத் தெரிந்த அந்தக் கடைக்காரன் நீ இல்லை என்றுதானே? பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஒன்பது வயது முதல் பதினைந்து வரை ஐந்தே பிள்ளைகள். விற்கும் இடத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம். அதே எண்களைக் கதைக் கணக்காக்கிக் கொடுத்தால் 74 சதவீதம். அந்த 74தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடையே வேண்டாம், கடையின் நினைப்பு இருந்தாலே பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிடுகிறார்கள். அந்த நினைப்பை "நீயா சொல்லு" என்று நான் துடைத்துவிட்டேனோ?

எங்கள் தலைமை ஆசிரியை இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறாம் வகுப்புல யாரு டீச்சர் அவனுக்குக் கடை போட்டுக் குடுப்பா?" என்று கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. பிறகொரு நாள் அவனிடமே நூறு ரூபாயைப் பத்துப் பத்தாக மாற்றச் சொல்லி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கச் சொல்லி, இதுதான்டா கடன் வாங்குவது என்று பலகையில் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டான், 37 வந்தது. அடுத்து 200 − 85 கொடுத்தேன். 285 என்று எழுதினான். பாலம் போட்டுவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால் நடிப்பு வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இவனுக்குக் கழித்தலே வராது என்றல்லவா எழுதியிருப்பேன்!

மதிப்பீட்டைப் பதியும் செயலியில் அப்படித்தான் எழுதவும் செய்தேன். மதிப்பீடு கேட்டது எழுத்துக் கணக்கு, அவன் எழுதியது தப்பு, கணக்கில் அரும்பு நிலை, அதாவது அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்றில் அடி நிலை, என்று பதிவானது. விதிப்படி சரி. ஆனால் என் உள்ளங்கையில் அவன் எண்ணி வைத்த முப்பத்தேழு ரூபாயை அந்தப் பதிவுக்குள் எங்கேயும் வைக்க முடியவில்லை.

சில நேரம் வேறு மாதிரியும் நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் விளையாடலாமே என்ற ஆசையில்கூட அவன் கேட்டிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்கக்கூடியதுதான். நான்தான் அந்தக் கேள்விக்கு அதிகமாக அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. ஆனாலும் தனக்குள் இரண்டு வழி இருக்கிறது, ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததே! அதை நான் எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

அடுத்த மதிப்பீடு வரப்போகிறது. மறுபடி கேட்டால் 'உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லு' என்று விட்டுவிடுங்கள் என்கிறார் இரண்டாம் வகுப்பு டீச்சர். சொல்லலாம். அவன் கடைக்காரனாகச் சொல்லி 37 என்றால் அதை நான் சரி என்று பதியலாமா கூடாதா என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.