வண்டியில் ஏற்றிய பெட்டி

இஸ்ரவேலரின் பரிசுத்தமான உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டதால் ஊசா செத்ததை மட்டும் பைபிளில் படித்துவிட்டு "கர்த்தர் இவ்வளவு கடுமையா?" என்று கேட்பவர்கள் எண்ணாகமம் 7:9-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஆசரிப்புக் கூடாரப் பணி செய்த மற்ற லேவியருக்கு வண்டியும் மாடும் கொடுத்த மோசே, கோகாத் புத்திரருக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை, ஏனென்றால் பரிசுத்தமானவற்றை அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும். தொட்டால் சாவு என்று எண்ணாகமம் 4:15-லேயே சொல்லியாகிவிட்டது. பெட்டியைக் கொண்டுவர தாவீது ராஜாவிடம் ஆசை இருந்தது, பாட்டு இருந்தது, சுரமண்டலம் தம்புரு எல்லாம் இருந்தது. ஆனால் பெட்டி ஏறியது வண்டியில், அதாவது முன்பு பெட்டியைப் பிடித்துக்கொண்டு போன எதிரிகளான பெலிஸ்தர் அதைத் திருப்பி அனுப்பிவைத்த அதே முறையில்! மாடுகள் மிரண்டன, ஊசா கை நீட்டினான். தப்பு அந்தக் கையில் தொடங்கவில்லை, வண்டி பூட்டியபோதே தொடங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். கர்த்தரை முறைப்படி தேடவில்லை என்று தாவீதே 1 நாளாகமம் 15:13-இல் ஒத்துக்கொள்கிறார். அப்புறம் லேவியர் பெட்டியின் தண்டுகளைத் தோளில் வைத்து, மோசே கற்பித்தபடியே சுமந்து வந்தார்கள்.