எருக்கு நின்ற இடம்

இன்று காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் காலி மனையில் பொக்லைன் வந்து நின்றது.

நான் ஓடியது அந்த எருக்கஞ்செடியிடம். இலையின் அடிப்புறத்தில் ஒரு புழு. கறுப்பும் வெள்ளையுமாக வரிகள், நடுநடுவே மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் கிட்டே வராது.

"வெறும் புதர்தானே அம்மா?" என்றார் ஓட்டுநர். அவர்மேல் கோபமில்லை. நாம் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்திருக்கிறோம்.

பன்னிரண்டு வருடமாக யாரும் கைவைக்காத மனை. செங்கல் இடிபாட்டில் அரணை, தும்பைப் பூவில் தேனீ. போன பங்குனியில், சரளைக்கு நடுவே கல்லோடு கல்லாக ஆள்காட்டிப் பறவையின் நான்கு முட்டைகள்! புல் வெட்டி மருந்தடிக்கும் பக்கத்துப் பூங்காவில் இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் ஒரு காலத்தில் அரசுப் பதிவேட்டில் தரிசுதான். குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

சதுப்பு நிலத்துக்காவது பேச ஆளிருந்தது. இரண்டு கிரவுண்டு காலி மனைக்கு யார் இருக்கிறார்கள்?

ஓட்டுநர் ஐந்து நிமிடம் பொறுத்தார். கையெல்லாம் பால் ஒழுக அந்தக் கிளையை ஒடித்துப் போய், ரயில் பாதையோரத்து எருக்கில் கட்டிவைத்தேன்.

மாலையில் பார்த்தபோது புழு புது இலைக்கு ஏறியிருந்தது.