சிலி பற்றிப் பேசும்போது எந்த மாதத்திலிருந்து தொடங்குவது?

படிப்பு வட்டத்துக்குச் சிலி குறித்துக் குறிப்பு தயாரிப்பவர் முதல் வேலையாக, சோசலிஸ்ட் அதிபர் அலெண்டேயின் தேர்ந்தெடுக்கப்பட்ட இடதுசாரி அரசை ராணுவம் கவிழ்த்த 1973 செப்டம்பர் 11ஐ ஒதுக்கி வைக்க வேண்டும். அதிபர் மாளிகை மீது குண்டு விழுந்த அந்த நாளில் தொடங்கினால், "தேர்தல் பாதை செத்தது", "அவசரக்காரர்கள் கெடுத்தார்கள்" என்று இரண்டே வாதங்கள்தான் மிஞ்சும்.

வாக்குக் கணக்கைப் பலகையில் எழுதிவிடுவது நல்லது. 1970 அதிபர் தேர்தலில் அலெண்டேவுக்கு 36 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1971 உள்ளாட்சித் தேர்தலில் அவரது இடதுசாரிக் கூட்டணிக்கு ஏறத்தாழ பாதி. தட்டுப்பாடும் விலையேற்றமும் வாட்டிய 1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலிலும் 43க்குக் குறையவில்லை. மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற வாதம் இதன் முன் நிற்காது.

அடிக்கடி தவறுவது மொழிபெயர்ப்பில். 'இன்டர்வென்சியோன்' (அரசுத் தலையீடு) என்ற ஸ்பானியச் சொல்லைத் 'தேசியமயம்' என்று எழுதிவிடுகிறார்கள். செம்புச் சுரங்கங்கள் 1971 ஜூலையில் அரசியல் சட்டத் திருத்தத்தால் நாட்டுடைமையாயின, எதிர்க்கட்சிகளும் ஆதரித்தன. ஆலைகள் பல அப்படியல்ல. 1932ஆம் ஆண்டின் 520ஆம் எண் ஆணைச் சட்டத்தைக் கொண்டு அரசு அங்கே நிர்வாகியை அமர்த்தியது; இதுதான் இன்டர்வென்சியோன். உடைமை முதலாளியிடமே இருந்தது. எந்நேரமும் ஆலை அவர் கைக்கே திரும்பலாம். 1973 ஜனவரியில் சில ஆலைகளைத் திருப்பித் தரும் யோசனை வந்தபோது தொழிற்பகுதித் தொழிலாளர் கூட்டமைப்புகளான கோர்தோன்கள் கொதித்தெழுந்தது இதனால்தான். 'நிலைப்படுத்திவிட்டு முன்னேறு' என்ற கம்யூனிஸ்டுகளுக்கும் 'சமரசமின்றி முன்னேறு' என்ற சோசலிஸ்ட் இடதுசாரிகளுக்கும் நடந்த சண்டை, ஆலைச் சாவி யாரிடம் என்பதைப் பற்றியது.

1972 அக்டோபருக்கு ஓர் அமர்வை முழுதாகக் கொடுக்கலாம். லாரி முதலாளிகள் அரசுக்கு எதிராக வண்டிகளை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே ஓட்டிச் சரக்கையும் வினியோகித்தார்கள். ஆனால் லாரி முதலாளிகளின் வேலைநிறுத்தம் முடிந்தது, நவம்பரில் ராணுவத் தலைமைத் தளபதி பிராட்ஸ் உள்துறை அமைச்சரான பிறகு. கீழே மக்கள் அதிகாரம், மேலே அமைச்சரவையில் ராணுவம்: இரண்டும் ஒரே நெருக்கடியில் பிறந்தவை. ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதே அக்டோபரில் வந்தது. மறு ஆண்டு அதைக் காட்டித்தான் ராணுவம் ஆலைகளைச் சோதனையிட்டது.

இதற்குப் பிறகு இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பெர்லிங்குவரைப் படித்தால் விவாதம் கூர்மையாகும். 51 விழுக்காடு கிடைத்தாலும் இடதுசாரிகள் மட்டும் ஆள முடியாது, கத்தோலிக்க மக்களோடு சேர வேண்டும் என்று 1973 இலையுதிர்காலத்தில் இத்தாலியில் அவர் எழுதினார். அவர் பக்கம் நிற்பவரிடம் கேளுங்கள்: 1973 ஆகஸ்டில் சிலியின் கிறித்தவ ஜனநாயகக் கட்சியுடனான அலெண்டேயின் பேச்சு முறிந்த பிறகு யாரோடு சேர்வது? ஆயுதம் ஏந்தியிருக்க வேண்டும் என்பவரிடமும் கேளுங்கள்: எந்த மாதத்தில், எந்தப் படைப்பிரிவை நம்பி?