வெள்ளிச் சிமிழும் ஏசி காயிலும்

அமைந்தகரையில் எங்கள் வீடு கூவத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, படுக்கையறைச் சுவர் மேற்கே பார்த்தது. இவ்வளவு சொன்னாலே மே மாதம் எங்கள் பாடு சென்னைக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

2017இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, 3 ஸ்டார். முதல் நாலு வருஷம் ஒரு வம்பும் இல்லை. 2021இலிருந்து வருஷம் தவறாமல் கத்திரிக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். காற்று வரும், குளிர் வராது. இன்டோர் யூனிட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டி, உருகிச் சொட்டும். கீழே மாட்டியிருந்த தினசரி காலண்டரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை எல்லாத் தாளும் ஒட்டிக்கொண்டு, நல்ல நேரம் பார்க்க முடியாமல் அம்மா என்னைத் திட்டினாள்.

"கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்." மூன்று வருஷம், மூன்று மெக்கானிக்குகள், ஒரே வசனம். 2,800, 3,000, 3,500. சிலிண்டரை மாட்டுவார்கள், மீட்டரைப் பார்ப்பார்கள், அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். அறை ஜில்லென்று ஆகும், நாமும் சந்தோஷமாகப் பணம் கொடுப்போம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆபீஸில் ஒரே செலவு மூன்று தடவை வந்தால் விடமாட்டேன். வீட்டில் விட்டேன்.

ஏசியில் இருக்கும் கேஸ், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. அறையின் சூட்டை உள்ளே வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது, அடியில் விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

2024 மே மாதம், கத்திரி தொடங்கி இரண்டாம் நாள், நாலாவதாக வந்தவர் ஒரு பாய். அறுபது வயது இருக்கும். வந்ததும் சிலிண்டரைத் தொடவில்லை. ஏசிக் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, அழுத்த மீட்டரின் முள் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, "காலையில வர்றேன் சார்" என்று போய்விட்டார். அந்த ராத்திரி ஃபேன் காற்றில் புரண்டுகொண்டே அவரைச் சபித்தேன். காலையில் முள் கோட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது, எங்கேயோ ஓட்டை இருப்பது உறுதி.

வெளியே பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்டோர் யூனிட்டின் காயிலை, அதாவது கேஸ் சுற்றுகிற செம்புக் குழாய்ச் சுருளை, கழற்றி நைட்ரஜனோடு பாத்ரூம் டப் தண்ணீரில் அமுக்கினார். ஓரத்தில் குழாய் வளைகிற இடத்திலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்தமாதிரி மேலே வந்தன. ஒரு நிமிஷம் கழித்து இன்னோர் இடத்திலும். காயிலைத் துடைத்துக் காட்டினார். புது ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி மின்னவேண்டிய செம்புக் குழாய் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது.

சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, வீட்ல வெள்ளிச் சாமான் சீக்கிரம் கறுக்குதா?" என்று கேட்டார்.

அம்மா பதிலே சொல்லாமல் பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினாள். பொங்கலுக்கு விபூதி போட்டுத் தேய்த்தது. மே மாதத்துக்குள் இரும்பா வெள்ளியா என்று கேட்கவைக்கிற நிறம். வெள்ளி மட்டம் என்று மாம்பலம் கடைக்காரரை இத்தனை வருஷம் வைதுகொண்டிருந்தோம்.

கூவம் ஓடுகிற ஆறு இல்லை, தேங்குகிற ஆறு. நேப்பியர் பாலத்தருகே முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். கோடையில் கழிவுநீர்தான் மிச்சம். காற்றில்லாத அந்தச் சேற்றில் கிருமிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கக்குகின்றன, அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வெள்ளியைக் கறுப்பாக்குகிற அதே வாயு செம்பையும் தின்கிறது. ஏசியின் உள்காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் அதற்கு இன்னும் வசதி. குழாய்ச் சுவரோ காகிதம் மாதிரி மெல்லிசு.

"பத்த வெச்சுத் தரேன் சார். ஆனா இது இத்துப்போன துணி. ஒரு பக்கம் தெச்சா இன்னொரு பக்கம் கிழியும்," என்றார் பாய். அந்த மாடலுக்குப் புது காயில் விசாரித்தார், வரத்து நின்றுவிட்டதாம்.

புதிதுதான் வாங்கவேண்டும் என்றானது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன் அவர் சொன்னபடி ஒரு வேலை செய்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டு முடித்த சட்டை மாதிரி சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரி முழுக்க எங்கள்மேல் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது, ஏசி அதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அசோசியேஷனிடம் கெஞ்சி, என் செலவில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். துணி காயப்போடும்போது கண் கூசுகிறது என்று செக்ரட்டரி இன்றைக்கும் முணுமுணுக்கிறார். கூரை இப்போது வெதுவெதுப்புதான். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடையில் "டாப் ஃப்ளோரா? ஒன்றரை டன்னுக்குக் கம்மியா வேண்டாம் சார்" என்றார்கள். எங்கள் அறை 110 சதுர அடி. பெயின்ட் அடித்த தைரியத்தில் ஒரு டன், 5 ஸ்டார் இன்வெர்ட்டர் வாங்கினேன். ஸ்டாரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், லேபிளில் இருக்கும் ஐஎஸ்இஇஆர் எண்ணைப் பாருங்கள், செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்பதற்கான எண் அது, கூடுதலாக இருந்தால் நல்லது. 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கினார்கள். முன்பு 4.5 இருந்தாலே 5 ஸ்டார், அப்புறம் 5 வேண்டும் என்றானது. அப்படியே காயிலைப் பற்றியும் கேட்டேன். "ப்ளூ கோட்டிங் இருக்கு சார்." அரிப்பைத் தடுக்கிற அந்தப் பூச்சு காயிலின் தகட்டுக்கு மட்டுமா, குழாய்க்குமா? விற்பனைப் பையன் முழித்தான். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து மறுபடி "ப்ளூ கோட்டிங்தான் சார்" என்றான். ஊரெல்லாம் செம்புக் காயில்தான் உசத்தி என்கிறார்கள். கூவக்கரையில் அடிவாங்குவது அந்தச் செம்புதான். அலுமினியத்தை இந்த வாயு அவ்வளவாகத் தொடாது, ஆனால் ஓட்டை விழுந்தால் பற்றவைப்பது பெரும்பாடு என்றார் பாய். கடைசியில் குழாய் வளைவுகளுக்கும் கோட்டிங் உண்டு என்று எழுத்தில் போட்டிருந்த மாடலை எடுத்தேன். வாரண்டி அட்டையின் பொடி எழுத்தில், அரிக்கும் வாயு உள்ள இடங்களுக்கு வாரண்டி செல்லாது என்று இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

மாட்டும்போது பாயே வந்தார். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்கும் வாக்குவம் பம்ப்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் கேஸ் வால்வைத் திறந்தார். முன்பு வந்த மூன்று பேரில் ஒருவர் கையிலும் அந்தப் பம்ப்பை நான் பார்த்ததில்லை.

கரண்ட் கணக்கு: 2023 ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 640 யூனிட். 2025இல் அதே மாதங்களுக்கு 470. நம் ஊரில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். அதனால் இந்த 170 யூனிட் பில்லில் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ராத்திரி 26இல் வைத்து ஃபேனை இரண்டில் ஓடவிடுகிறோம். அம்மாவுக்கு அதுவே குளிர்கிறது, போர்வை கேட்கிறாள்.

கூவத்துப் பக்கத்து ஜன்னலை அந்தியில் அடைத்துவிடுகிறோம். போன தைப்பொங்கலுக்கு அம்மா சிமிழைப் பளபளவென்று தேய்த்து, பூஜை அலமாரியில் வைக்காமல், ஸ்டூல் போடச் சொல்லி ஏசியின் தலைமேல் வைக்கவைத்தாள். "அங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம்" என்றாள். நேற்று ஃபில்டர் கழுவ ஏறினபோது எடுத்துப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் மட்டும் லேசாகப் பழுப்பு.